நான்காம் பக்கத்தை அடைத்தவர்கள் புகழ்

இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரத்தில் பிராமல் லேன் என்றொரு மைதானம் இருக்கிறது. கால்பந்து பார்ப்பவர்கள் அதை ஷெஃபீல்டு யுனைடெட்டின் சொந்த மைதானமாக அறிவார்கள். நான்கு பக்கமும் ஸ்டாண்டு, நடுவில் புல்தரை. அந்த நான்கில் தெற்கு ஸ்டாண்டைக் கட்டிய பெரியவர்களைப் புகழ்வதற்காக இதை எழுதுகிறேன். 1975 ஆகஸ்டில் அதைத் திறந்தார்கள். 7,000 பேருக்கு மேல் உட்கார்ந்து ஆட்டம் பார்க்க இடம் கிடைத்தது. அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்புவரை, அந்த இருக்கைகளின் இடத்திலும் அவற்றுக்குப் பின்னாலும் ஒரு கிரிக்கெட் திடல் இருந்தது. 118 ஆண்டுகள் ஆடப்பட்ட திடல். அவ்வளவு பழைய ஒன்றை அவ்வளவு ஒழுங்காக முடித்துவைத்தவர்களை வாழ்த்தாமல் விடுவது முறையாகாது.

புகழும் முறையை ஔவையிடமிருந்து எடுத்துக்கொள்கிறேன். தொண்டைமானிடம் தூது போனவள், அவன் பெருமையோடு காட்டிய படைக்கலக் கொட்டிலைப் பார்த்தாள். புறநானூற்றின் 95ஆம் பாட்டு அந்தக் காட்சிதான். இங்குள்ள வேல்கள் பீலி அணிந்து, மாலை சூடி, நெய் பூசிக் காவலோடு இருக்கின்றன, எங்கள் அதியமானின் வேல்களோ நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்றாள். அவள் சொன்னதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. தொண்டைமானின் வேல்கள் மெய்யாகவே பளபளத்தன. நானும் நடந்ததை மட்டுமே சொல்லிப் புகழப் போகிறேன். ஷெஃபீல்டு கத்திக்குப் பேர்போன ஊர், அதன் கால்பந்து அணிக்கே 'பிளேட்ஸ்' என்றுதான் செல்லப்பெயர். கூர் எது, பளபளப்பு எது என்று அவர்களுக்குத் தெரியும்.

முதல் புகழ் கிரிக்கெட்காரர்களுக்குப் போக வேண்டும். அவர்கள் இவ்வளவு தாராளமாக இருந்திராவிட்டால் பின்னால் வந்தவர்களுக்கு வேலையே இருந்திருக்காது.

19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் ஷெஃபீல்டில் டார்னாலிலும் பிறகு ஹைட் பார்க்கிலும் பெரிய ஆட்டங்கள் நடந்தன. ஊர் எஃகால் வளர்ந்துகொண்டிருந்தது. வளர்ந்த ஊருக்கு ஒரு நல்ல திடல் வேண்டும் என்று நினைத்தவர்களில் முதன்மையானவர் மைக்கேல் எல்லிசன், நார்ஃபோக் ட்யூக்கின் நிலங்களைப் பார்த்துக்கொண்டவர். ட்யூக்கிடமிருந்து 99 ஆண்டுக் குத்தகைக்கு நிலம் வாங்கினார். வாடகை ஆண்டுக்கு 70 பவுண்டு. ஆறு கிரிக்கெட் கிளப்புகள் ஒன்றாகி அங்கே ஆடுவதென்று 1854இல் முடிவானது. 'ஷெஃபீல்டு யுனைடெட் கிரிக்கெட் கிளப்' பிறந்தது அப்படித்தான். இன்று உலகமெங்கும் சிவப்பு வெள்ளைச் சட்டையோடு சேர்த்து உச்சரிக்கப்படும் அந்த 'யுனைடெட்', ஆறு கிரிக்கெட் கிளப்புகள் தங்கள் தனிப் பெருமையை விட்டுக்கொடுத்துச் சேர்ந்ததைக் குறித்த பெயர்.

இடத்தைத் தேர்ந்தெடுத்ததிலும் ஆட்டத்தின்மீது அக்கறை இருந்தது. அன்று அது ஊரின் விளிம்பு. புகை குறைவாக இருந்த பக்கம் என்பதற்காகவே அங்கே போனார்கள். 1855 ஏப்ரல் 30 அன்று முதல் ஆட்டம். பதினொரு பேர் ஓர் அணி, இருபத்திரண்டு பேர் மறு அணி. பதினொருவர் அணி ஓர் இன்னிங்ஸும் 28 ரன்னும் வித்தியாசத்தில் தோற்றது. ஆகஸ்டில் சசெக்ஸ் வந்து யார்க்‌ஷயரை இன்னிங்ஸ் வித்தியாசத்தில் தோற்கடித்துவிட்டுப் போனது. தோற்றாலும் திடல் நிலைத்துவிட்டது. எட்டு ஆண்டுகள் கழித்து, 1863 ஜனவரியில், ஊரின் அடெல்ஃபி ஹோட்டலில் கூடியவர்கள் யார்க்‌ஷயர் கவுண்டி கிரிக்கெட் கிளப்பைத் தொடங்கினார்கள். எல்லிசன் பிறகு அதன் தலைவரானார். பிராமல் லேன் அதன் வீடு. இங்கிலாந்தின் கவுண்டிச் சாம்பியன் பட்டத்தை வேறெந்தக் கவுண்டியையும்விட அதிகமுறை வென்ற யார்க்‌ஷயர் நடை பழகியது அந்தப் புல்தரையில்தான்.

இனி அந்தத் தாராளத்துக்கு வருகிறேன். 1862 டிசம்பர் 29 அன்று கால்பந்து முதன்முதலாக அந்த வாசலுக்குள் நுழைந்தது. அமெரிக்க உள்நாட்டுப் போரால் பருத்தி வராமல் லங்காஷயர் ஆலைத் தொழிலாளர்கள் பட்டினி கிடந்த காலம். அவர்களுக்கு நிதி திரட்ட ஷெஃபீல்டு கிளப்பும் ஹாலம் கிளப்பும் ஆடின. யாரும் கோல் போடவில்லை. நடுவில் கைகலப்பு மூண்டு, பார்வையாளர்களும் உள்ளே இறங்கினார்கள். அப்படியிருந்தும் கிரிக்கெட் கிளப் கதவைச் சாத்தவில்லை. குளிர்காலத்தில் திடல் சும்மாதானே இருக்கிறது என்று அடுத்தடுத்த ஆண்டுகளில் யூடன் கோப்பைக்கும் குரோம்வெல் கோப்பைக்கும் இடம் கொடுத்தது.

அந்தக் காலத்து ஷெஃபீல்டில் கால்பந்து என்பது கிரிக்கெட்காரர்களின் குளிர்காலப் பொழுதுபோக்கு. 1820இல் தொடங்கிய வெட்னஸ்டே கிரிக்கெட் கிளப், புதன்கிழமை அரை நாள் விடுப்புள்ள தொழிலாளிகளின் கிளப். குளிர்காலத்தில் ஆட்கள் கலைந்துபோகக் கூடாது என்று 1867இல் அதே அடெல்ஃபி ஹோட்டலில் கூடி ஒரு கால்பந்துப் பிரிவைத் தொடங்கியது. இன்றைய ஷெஃபீல்டு வெட்னஸ்டே அதுதான். 1883இல் கால்பந்து தனியே பிரிந்தது. கிரிக்கெட் கிளப் 1920களில் இல்லாமலே போயிற்று. நகரத்தின் இரண்டு பெரிய கால்பந்துக் கிளப்புகளும் கிரிக்கெட் பெற்றவை, இரண்டுமே பெற்றவளைத் தாண்டி வாழ்பவை. இப்படி ஒரு வம்ச ஒழுங்கு வேறெந்த ஊரிலாவது இவ்வளவு சுத்தமாக நிறைவேறியிருக்கிறதா என்று எனக்குத் தெரியவில்லை.

வெட்னஸ்டேகாரர்கள் தங்கள் பெரிய ஆட்டங்களைப் பிராமல் லேனில்தான் நடத்தினார்கள். நுழைவுக் கட்டணத்தில் கிரிக்கெட் கிளப்புக்கு ஒரு பங்கு. 1887இல் அவர்கள் தொழில்முறை அணியானதும் முழு வசூலும் தங்களுக்கே வேண்டுமென்று ஆலிவ் குரோவுக்குப் போய்விட்டார்கள். கிரிக்கெட் கிளப்பின் குளிர்கால வரவு நின்றது. இரண்டு ஆண்டு கழித்து, 1889 மார்ச் 16 அன்று, எஃப்.ஏ. கோப்பை அரையிறுதி ஒன்று பிராமல் லேனில் நடந்தது. பிரஸ்டனும் வெஸ்ட் பிராம்விச்சும் ஆடின. வந்தவர்கள் 22,688 பேர். கணக்குப் பிள்ளைகளின் கண் விரிந்திருக்கும். ஆறே நாளில், மார்ச் 22 அன்று, மறுபடியும் அடெல்ஃபி ஹோட்டல். கிரிக்கெட் கிளப்பின் குழு தனக்கென ஒரு கால்பந்து அணியைத் தொடங்கியது. பெயருக்கும் அலையவில்லை, தன் பெயரையே கொடுத்தது.

அந்த அடெல்ஃபி ஹோட்டலுக்கும் ஒரு வாழ்த்து. ஒரு கவுண்டி கிரிக்கெட் கிளப், இரண்டு கால்பந்துக் கிளப்புகள் ஆகிய மூன்றும் பிறந்த கட்டடம் வேறெங்கே கிடைக்கும்? நகரம் அதை இடித்தது. அந்த இடத்தில் 1971இல் க்ரூசிபிள் நாடக அரங்கம் திறந்தது. 1977 முதல் உலக ஸ்னூக்கர் போட்டி அங்கேதான். ஆண்டுதோறும் இரண்டு வாரத்துக்கு மேல் உலகமே ஷெஃபீல்டின் பச்சையைப் பார்க்கிறது. பச்சைத் துணி, மேசைமேல். வெயிலும் மழையும் படாத பச்சை.

கால்பந்துப் பிள்ளை நன்றாகத்தான் வளர்ந்தது. 1898இல் லீக் பட்டம், 1899இல் எஃப்.ஏ. கோப்பை. இதை நான் மனமாரச் சொல்கிறேன், அந்த அணி அழகான அணி. தலைவன் எர்னஸ்ட் நீடம். கோல் காத்தவன் வில்லியம் ஃபோக், கோல் கம்பங்களுக்கு நடுவில் மூன்றாவது கம்பமாக நின்ற பெரிய உருவம். இருவருமே கிரிக்கெட்டும் ஆடியவர்கள், டெர்பிஷயர் கவுண்டிக்காக. கோடையில் மட்டை, குளிர்காலத்தில் பந்து என்று ஒரே உடம்பில் இரண்டு ஆட்டமும் வாழ்ந்த காலம் அது. திடலும் அப்படித்தான் அமைந்திருந்தது. கால்பந்துத் தரைக்கு மூன்று பக்கம் ஸ்டாண்டு, நான்காம் பக்கம் திறந்த வெளி. அந்தத் திறப்பு வழியாகப் பார்த்தால் கிரிக்கெட் புல், அதன் மறுகரையில் செர்ரி தெரு ஓரத்தில் பெவிலியன்.

1902 அந்தத் திடலின் உச்சம். ஏப்ரலில் யுனைடெட் மறுபடி எஃப்.ஏ. கோப்பையை வென்றது. ஜூலை 3ஆம் தேதி அதே பிராமல் லேனில் இங்கிலாந்தும் ஆஸ்திரேலியாவும் டெஸ்ட் ஆட இறங்கின. ஒரே ஆண்டில் ஒரே வளாகத்துக்குக் கோப்பையும் வந்தது, டெஸ்டும் வந்தது. சிட்னி பார்ன்ஸ் முதல் இன்னிங்ஸில் 49 ரன் கொடுத்து 6 விக்கெட் எடுத்தார். ஆஸ்திரேலியா 194. இங்கிலாந்து 145. இரண்டாம் இன்னிங்ஸில் விக்டர் ட்ரம்பர் 62 அடித்து ஆட்டத்தை இழுத்தார், கிளெம் ஹில் 119 அடித்து அதை முடித்தார். மான்டி நோபிளுக்கு மொத்தம் 11 விக்கெட். ஆஸ்திரேலியா 143 ரன் வித்தியாசத்தில் வென்றது. அந்த நாட்களில் ஒளி மங்கலாக இருந்தது. புகையைத் தப்பி ஊர் விளிம்புக்குப் போன திடலை ஐம்பது ஆண்டில் ஊர் சூழ்ந்துவிட்டிருந்தது. எதிரணி மட்டை பிடிக்கும்போது பக்கத்து உலைகளில் கூடுதலாகக் கரி போடுவார்கள் என்று ஷெஃபீல்டில் ஒரு கதை சொல்வதுண்டு. மெய்யோ பொய்யோ, அந்தக் கதை எனக்குப் பிடிக்கும். உலையில் வேலை செய்தவனும் ஆட்டத்தில் தனக்கொரு பங்கு கேட்கிறான் அதில். சாணை பிடித்த கையோடு வந்து, வெளியூர் ஆட்டக்காரனைக் கேலி செய்து, நல்ல ஆட்டத்துக்கு எழுந்து நிற்கும் கூட்டம் அது.

அந்தக் கூட்டத்துக்கு அதன் பிறகு அதிகாரபூர்வ டெஸ்ட் ஒன்றும் கிடைக்கவில்லை. அடுத்த ஆண்டே யார்க்‌ஷயர் கிளப் தன் அலுவலகத்தை லீட்ஸ் நகருக்கு மாற்றிக்கொண்டது. அதற்காக யார்க்‌ஷயரையும் நான் குறை சொல்ல வரவில்லை. ஷெஃபீல்டில் பிறந்து, ஷெஃபீல்டில் வளர்ந்து, ஷெஃபீல்டில் ஜான் பிரவுன் 311 அடித்து ஜான் டனிக்ளிஃபுடன் முதல் விக்கெட்டுக்கு 378 சேர்த்ததை 1897இல் கொண்டாடிய கிளப், ஹெடிங்லிக்குப் போன பிறகும் ஷெஃபீல்டை மறக்கவில்லை. ஆண்டுக்குச் சில ஆட்டம் அனுப்பிக்கொண்டே இருந்தது. வேலைக்கு வெளியூர் போன பிள்ளைகள் தீபாவளிக்கு வருவார்களே, அந்த முறை தவறவில்லை.

1940 டிசம்பரில் ஜெர்மன் விமானங்கள் ஷெஃபீல்டைக் குண்டு வீசி எரித்தன. பிராமல் லேன் மேலும் குண்டுகள் விழுந்தன. ஜான் தெரு ஸ்டாண்டின் பாதி போயிற்று. 1945 ஜூனில், ஐரோப்பாவில் போர் முடிந்து ஏழு வாரம்கூட ஆகாத நிலையில், அந்தச் சிதைந்த மைதானத்தில் இங்கிலாந்தும் ஆஸ்திரேலியப் படைவீரர் அணியும் 'வெற்றி டெஸ்டுகள்' எனப்பட்ட ஆட்டங்களில் இரண்டாவதை ஆடின. வாலி ஹாமண்ட் நூறு அடித்தார். இங்கிலாந்து 41 ரன்னில் வென்றது. சுற்றிலும் இடிபாடு, நடுவில் மட்டையடி. அந்த மூன்று நாட்களை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைகிறது. எதிரி விமானத்தால் நிறுத்த முடியாத ஒன்று அது.

அது எப்படி நின்றது என்பதில்தான் நம் பெரியவர்களின் திறமை தெரிகிறது.

கணக்கு அவர்கள் பக்கம் இருந்தது. இதை நேர்மையாகச் சொல்ல வேண்டும். 1961இல் கால்பந்து ஆட்டக்காரர்களின் உச்சவரம்புச் சம்பளம், வாரம் 20 பவுண்டு, நீக்கப்பட்டது. சம்பளம் ஏறியது. மூன்று நாள் கவுண்டி ஆட்டங்களுக்கு நாடெங்கும் கூட்டம் குறைந்துகொண்டிருந்தது. ஆண்டுக்குச் சில ஆட்டத்துக்காக ஊர் நடுவில் அவ்வளவு புல்லை விட்டுவைப்பது எந்தப் பேரேட்டிலும் நியாயமாகத் தெரியாது. மூன்று பக்கம் மட்டும் ஸ்டாண்டு உள்ள மைதானத்தில் ஆரவாரம் ஒரு பக்கமாக வெளியேறிவிடுகிறது என்று கால்பந்துக்காரர்கள் குறைப்பட்டதிலும் உண்மை உண்டு. 1971இல் யுனைடெட் முதல் டிவிஷனுக்கு உயர்ந்தது. பெரிய அணிகளோடு ஆடுகிறோம், பெரிய மைதானம் வேண்டும் என்றார்கள். கிரிக்கெட்டுக்கு முன்னறிவிப்புக் கொடுத்தார்கள்.

வளர்த்த கடா மார்பில் பாய்ந்தது என்று இதற்குப் பழமொழி சொல்பவர்கள் இருக்கலாம். அது இந்தப் பெரியவர்களுக்குச் செய்யும் அநியாயம். கடா ஆத்திரத்தில் பாயும், ஆராயாமல் பாயும். இங்கே ஆத்திரம் துளியும் இல்லை. கூட்டம் போட்டு, தீர்மானம் எழுதி, தேதி குறித்து, கடைசிப் பருவத்தின் ஆட்டங்களைக் கெடுக்காமல் நடத்தவிட்டு, அதன் பிறகே அடித்தளம் தோண்டினார்கள். 1899இல் ஒரே நிறுவனமாகப் பதிவானபோது அதன் பெயரில் கிரிக்கெட்டும் கால்பந்தும் சேர்ந்தே இருந்தன. அந்த நிறுவனத்துக்குள் இருந்தபடியே அதன் மூத்த பாதியை வெளியே அனுப்ப முடிந்தது என்றால், அவர்களின் நிர்வாக அறிவுக்கு வேறென்ன சான்று வேண்டும்?

அவர்கள் தொலைநோக்கையும் சொல்ல வேண்டும். 1936 பிப்ரவரியில் லீட்ஸ் அணிக்கு எதிரான கோப்பை ஆட்டத்துக்குப் பிராமல் லேனில் 68,287 பேர் கூடினார்கள். மைதானத்தின் சாதனை இன்றும் அதுதான். நான்காம் பக்கம் திறந்து கிடந்தபோது, கிரிக்கெட் புல் அங்கேயே இருந்தபோது, வந்த கூட்டம் அது. நான்கு பக்கமும் அடைத்த இன்றைய மைதானத்தில் கொள்ளளவு ஏறத்தாழ 32,000. அன்று நின்று பார்த்தார்கள், இன்று உட்கார்ந்து பார்க்கிறார்கள், பாதுகாப்பு விதிகளும் மாறிவிட்டன; ஒப்பிடும்போது அதையெல்லாம் கழித்துக்கொள்ளத்தான் வேண்டும். கழித்த பின்பும், இடம் போதவில்லை என்று கிரிக்கெட்டை அனுப்பியவர்களின் கணக்கில் நான் வியக்க நிறைய மிஞ்சுகிறது.

அந்த நாட்களில் யுனைடெட்டின் பின்வரிசையில் டெட் ஹெம்ஸ்லி என்றொருவர் ஆடினார். கோடையில் வூஸ்டர்ஷயர் கவுண்டிக்காகக் கிரிக்கெட் ஆடுபவர். ஃபோக், நீடம் ஆகியோரின் வழியில் வந்த கடைசி ஆட்களில் ஒருவர். தான் பாதி ஆண்டு வாழும் ஆட்டத்தைத் தன் கிளப் தன் நிலத்திலிருந்து நீக்குவதை அதே கிளப்பின் சட்டையில் இருந்து அவர் பார்த்தார். பெரியவர்களுக்கு அவரும் ஒரு பின்வரிசை ஆட்டக்காரர். எல்லோரையும் ஒன்றுபோல் பார்க்கும் மனம் நல்ல நிர்வாகிக்கு வேண்டியதுதான்.

1973 ஆகஸ்ட் 4, சனிக்கிழமை. யார்க்‌ஷயருக்கும் லங்காஷயருக்கும் 'ரோஜா ஆட்டம்' எனப்படும் மோதல். முதன்முதலாக அந்தத் திடலுக்குக் கால்பந்து வந்ததே லங்காஷயர்காரர்களின் பசிக்காக என்று முன்னே சொன்னேன். கிரிக்கெட்டின் கடைசி ஆட்டத்துக்கும் லங்காஷயரே வந்தது. ஞாயிறு ஓய்வு. திங்களும் செவ்வாயும் ஆடினார்கள். ஆட்டம் டிரா. வென்றவர் இல்லை, தோற்றவர் இல்லை. 7ஆம் தேதி மாலை ஸ்டம்புகளைப் பிடுங்கியதோடு பிராமல் லேனில் கவுண்டி கிரிக்கெட் முடிந்தது. யார்க்‌ஷயர் மறு ஆண்டே ஊரின் தெற்கே அபிடேல் பூங்காவுக்குப் போய்விட்டது. மனக்கசப்பை நீட்டிக்காமல் இடம் மாற்றிக்கொள்ளும் யார்க்‌ஷயரின் பண்பைத்தான் முன்பே பார்த்தோமே.

ஸ்டாண்டு எழுந்தது. 1974-75 பருவத்தில் யுனைடெட் முதல் டிவிஷனில் ஆறாவது இடம் பிடித்தது. ஐரோப்பியப் போட்டிக்குள் நுழைய ஒரே ஒரு புள்ளி குறைவு. அந்தக் கோடையில் புதிய தெற்கு ஸ்டாண்டைத் திறந்தபோது அவர்கள் முகத்தில் இருந்திருக்கும் நிறைவை என்னால் உணர முடிகிறது. இனி நான்கு பக்கமும் நம்முடையது. ஆரவாரம் எங்கும் கசியாது.

அந்த ஸ்டாண்டிலிருந்து ஊர்க்காரர்கள் பார்த்தவை இவை. 1976இல் கடைசி இடம் பிடித்து முதல் டிவிஷனிலிருந்து இறக்கம். 1979இல் மூன்றாம் டிவிஷனுக்கு. 1981இல் வால்சலுக்கு எதிரான கடைசி ஆட்டம், சொந்த மைதானத்தில், கடைசி நிமிடங்களில் கிடைத்த பெனால்டி வீணாகி நான்காம் டிவிஷனுக்கு. ஆறு பருவத்தில் மூன்று படி. விழுவதை இவ்வளவு வசதியாக உட்கார்ந்து பார்க்க முன்பு ஏற்பாடு இருந்ததில்லை. ஸ்டாண்டுக்காகச் செலவிட்ட பணம் ஆட்டக்காரர்களுக்குப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அந்த ஊரில் வாதிடுபவர்கள் உண்டு. நான் அந்த வாதத்தில் இறங்க மாட்டேன். அந்த விசுவாசமான கூட்டம் வலியோடு உட்கார்ந்திருந்தது, அவர்கள்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. நான்காம் டிவிஷனிலும் ஆயிரக்கணக்கில் வந்தார்கள். கிரிக்கெட்டுக்கு முன்னறிவிப்புக் கொடுத்தது அவர்கள் அல்லவே.

பெவிலியனைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் புகழ் முழுமையாகாது. திடல் போன பிறகும் அதை உடனே இடிக்கவில்லை. பந்தே வராத பெவிலியன் ஸ்டாண்டின் முதுகைப் பார்த்தபடி ஒன்பது ஆண்டு நின்றது. எல்லிசன் காலத்திலிருந்து கிரிக்கெட்காரர்கள் மட்டையோடு இறங்கிவந்த கரை அது. நூற்றாண்டைத் தாண்டிய ஆட்டத்தின் ஒரே மிச்சம், ஒரு தகடு பதித்து விட்டிருந்தால்கூடப் போதும். 1982இல் இடித்தார்கள். கார் நிறுத்த இடம் வேண்டியிருந்தது. அதே ஆண்டு யுனைடெட் நான்காம் டிவிஷனில் முதலிடம் பெற்றது. மறுபடி கூட்டம் சேர்ந்த காலம், கார்கள் வரத்தானே செய்யும்.

ஓர் எஃப்.ஏ. கோப்பை இறுதி மறு ஆட்டம், இங்கிலாந்தின் கால்பந்து ஆட்டங்கள், ஒரு கிரிக்கெட் டெஸ்ட் ஆகிய மூன்றும் நடந்த மைதானம் இங்கிலாந்தில் இரண்டே இரண்டு. ஒன்று லண்டன் ஓவல், மற்றது பிராமல் லேன். ஓவல்காரர்கள் கால்பந்தை அனுப்பிவிட்டுக் கிரிக்கெட்டை வைத்துக்கொண்டார்கள். அங்கே இன்றும் டெஸ்ட் நடக்கிறது. பிராமல் லேன்காரர்கள் மற்றதை வைத்துக்கொண்டார்கள். இரண்டையும் வைத்துக்கொள்ளும் வழி ஒருவருக்கும் தோன்றவில்லை என்பதில் ஷெஃபீல்டுப் பெரியவர்களை மட்டும் தனியே பிரிக்க முடியாது. ஆனால் கிரிக்கெட்காரர்கள் வாடகை கட்டி, புல் வளர்த்து, பெயர் கொடுத்து, அணியும் தொடங்கித் தந்த இடத்தில் அதைச் செய்தவர்கள் அவர்கள் மட்டுமே. அந்தத் தனிச் சிறப்பை அவர்களிடமிருந்து யாரும் பறிக்க முடியாது.

அபிடேல் பூங்காவிலும் யார்க்‌ஷயரின் ஆட்டங்கள் 1996உடன் நின்றன. யார்க்‌ஷயர் கிளப்பைப் பெற்ற ஊரில் இன்று கவுண்டியின் முதல்தர ஆட்டம் இல்லை. அந்த ஊரில் 1990இல் பிறந்த ஜோ ரூட், இங்கிலாந்துக்காக டெஸ்டில் மற்ற யாரையும்விட அதிக ரன் எடுத்தவர். யார்க்‌ஷயர் சட்டையில் சொந்த ஊரில் ஒரு முதல்தர ஆட்டமும் ஆட அவருக்கு வாய்க்கவில்லை. 2021 பிப்ரவரியில் தன் நூறாவது டெஸ்டுக்குச் சென்னை சேப்பாக்கத்தில் இறங்கி 218 ரன் எடுத்தார். தன் பிள்ளையின் ஆட்டத்தை முழுக்க முழுக்க அயலூர்களுக்கே விட்டுக்கொடுத்த ஷெஃபீல்டுக்கு, அந்த 218க்காகச் சேப்பாக்கத்துக்காரர்கள் நாம் கடன்பட்டிருக்கிறோம்.